கேப்சர் கார்டு: பெட்டியில் எழுதியிருப்பது எந்த 4கே?

பிஎஸ்5, நிண்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கன்சோலில் ஆடுவதைக் கணினியில் பதிவுசெய்ய ஒரு கருவி வேண்டும் என்று தேடினால், சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, அதைப்போல் பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பெட்டிகளிலும் '4கே' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். மூன்று விதமான கருவிகளை ஒரே லேப்டாப்பில், அதே ஆட்டங்களோடு ஓட்டிப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்கு 1080பி 60 ஃப்ரேமை ஒழுங்காகப் பதிவுசெய்யும் யுஎஸ்பி 3.0 கார்டு போதும். 4கே பதிவுக்குப் பணம் கொடுக்க வேண்டியவர்கள் வெகு சிலரே.

வாங்கத்தான் வேண்டுமா?

பிஎஸ்5 கண்ட்ரோலரில் உள்ள கிரியேட் பட்டன், ஆடி முடித்த கடைசி 60 நிமிடம் வரை பின்னோக்கிச் சேமித்துத் தரும். பென் டிரைவில் நகலெடுத்துக் கணினிக்குக் கொண்டுவரலாம். ஒரு கோல், ஒரு வெற்றி என்று நண்பர்களிடம் காட்டுவதற்கு இதுவே தாராளம். ஸ்விட்சில் கதை வேறு. கடைசி 30 விநாடிதான் கிடைக்கும். அதையும் எல்லா ஆட்டங்களும் அனுமதிப்பதில்லை.

முழு ஆட்டத்தையும் பதிவுசெய்து, தமிழில் வர்ணனை சேர்த்து, முகத்தை ஓரத்தில் காட்டி யூடியூபில் போட வேண்டும் என்றால்தான் கேப்சர் கார்டு தேவைப்படுகிறது. 'லேப்டாப்பில்தான் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதே, அதில் நேராகச் செருகினால் என்ன?' என்று பலர் கேட்கிறார்கள். அந்த போர்ட் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். உள்ளே வாங்கிக்கொள்ளாது. அந்த வேலைக்குத்தான் கார்டு.

ஒரே எண், மூன்று இடம்

கார்டின் வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. கன்சோலிலிருந்து வரும் படத்தை உள்ளே வாங்குவது முதல் கட்டம். அதை அப்படியே டிவிக்குக் கடத்துவது இரண்டாவது. இதற்குப் பெயர் பாஸ்த்ரூ. கணினிக்கு அனுப்பிப் பதிவாக்குவது மூன்றாவது. பெட்டியில் உள்ள '4கே' இந்த மூன்றில் எதைக் குறிக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. மலிவான டாங்கிள்களில் அது முதல் கட்டம் மட்டும். 4கே படம் உள்ளே வரும், பதிவாவது 1080பி. நடுத்தரக் கார்டுகள் பலவற்றில் முதல் இரண்டும் 4கே, பதிவு மட்டும் அதற்குக் கீழே.

காரணம் எளிய கணக்கு. 1080பி படத்தை விநாடிக்கு 60 ஃப்ரேம் வீதம், ஒரு புள்ளிக்கு 2 பைட் என்று சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 249 மெகாபைட் ஆகிறது. பிட் கணக்கில் 2 ஜிகாபிட். யுஎஸ்பி 2.0-வின் அதிகபட்ச வேகமே 480 மெகாபிட்தான். ஆகவே யுஎஸ்பி 2.0 கருவி எதுவாக இருந்தாலும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். யுஎஸ்பி 3.0-வின் 5 ஜிகாபிட்டில் 1080பி 60 தாராளமாக அடங்கும். 4கே 60 ஃப்ரேமை ஒரு புள்ளிக்கு 12 பிட் என்று சிக்கனமாக அனுப்பினாலும் ஏறத்தாழ 6 ஜிகாபிட் ஆகிவிடும். அதனால்தான் 4கே 60 பதிவுக்கு 10 ஜிகாபிட் யுஎஸ்பியோ, மேசைக் கணினியின் மதர்போர்டில் செருகும் பிசிஐஇ கார்டோ கேட்கிறார்கள்.

பெயரில்லா டாங்கிள்

கட்டைவிரல் அளவு. ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் யுஎஸ்பி. பிளக்கின் உள்ளே யுஎஸ்பி 3.0-வுக்கே உரிய நீல நிற பிளாஸ்டிக். ஆனால் இந்த ரகத்தில் பெரும்பாலும் இருப்பது மேக்ரோசிலிக்கான் நிறுவனத்தின் எம்எஸ்2109 சிப். அது யுஎஸ்பி 2.0 சிப். நீலம் வெறும் அலங்காரம்.

பதிவுசெய்யும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் இதைச் சேர்த்து, பண்புகளுக்கான பெட்டியைத் திறந்து பாருங்கள். 1920×1080 தேர்ந்தெடுத்து, வீடியோ ஃபார்மட்டில் எம்ஜேபெக் வைத்தால் விநாடிக்கு 30 ஃப்ரேம் வரும். சுருக்காத ஒய்யுஒய்2-க்கு மாற்றினால் 5 ஃப்ரேம். படம் தத்தித் தத்தி நகரும். மேலே சொன்ன கணக்கு கண்ணெதிரே நிரூபணமாகும் இடம் இது. எம்ஜேபெக் என்பது ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனிப் புகைப்படமாகச் சுருக்குவது. கிரான் டூரிஸ்மோ 7-இல் பாதையோரப் புல்லும் மரங்களும் வேகம் கூடும்போது குழைந்துபோகின்றன. சிவப்பு நிறச் சிறிய எழுத்துகளின் விளிம்பு கசிகிறது.

மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் ஒரு சுவாரசியம் உண்டு. ஒருவரோ இருவரோ ஆடும்போது அந்த ஆட்டம் 60 ஃப்ரேமில் ஓடும். டாங்கிள் அதில் பாதியை விட்டுவிடும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆடினால் ஆட்டமே 30 ஃப்ரேமுக்கு இறங்கிவிடுகிறது. அப்போது டாங்கிளிலும் ஃப்ரேம் இழப்பு இல்லை.

ஒலியில் இன்னொரு குறை. இந்த சிப் ஸ்டீரியோ ஒலியை வாங்கிக்கொண்டு, கணினியிடம் மோனோ என்று சொல்கிறது. பின்னாலிருந்து எதிரி வலப்பக்கம் வருகிறானா இடப்பக்கமா என்பது பதிவில் தெரியாது. பாஸ்த்ரூவும் கிடையாது. கணினித் திரையில் தெரியும் படம் சற்றுப் பிந்தியே வருவதால் அதைப் பார்த்து ஆடவும் முடியாது. எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி டிவிக்கு ஒரு கிளை கொடுக்க வேண்டும். நிதானமான ஆட்டங்களைப் பதிவுசெய்து பழகிப் பார்க்க மட்டும் இது சரி.

ஏவர்மீடியா லைவ் கேமர் போர்ட்டபிள் 2 பிளஸ்

இதுவும் யுஎஸ்பி 2.0தான். ஆனால் நேர்மையான யுஎஸ்பி 2.0. படத்தை எச்.264 முறையில் பெட்டிக்குள்ளேயே சுருக்குவதற்குத் தனி வசதி இருப்பதால், 1080பி 60 ஃப்ரேம் பதிவாகிறது. டிவிக்கு 4கே பாஸ்த்ரூ உண்டு.

இதன் தனிச்சிறப்பு கணினியே இல்லாமல் வேலை செய்வது. பக்கவாட்டு ஸ்விட்சைத் தள்ளிவிட்டு, மைக்ரோஎஸ்டி கார்டைச் செருகி, போன் சார்ஜரில் மின்சாரம் கொடுத்து, நடுவில் உள்ள பெரிய பட்டனை அழுத்தினால் பதிவு தொடங்கிவிடும். நண்பர் வீட்டுக்கோ கல்லூரிப் போட்டிக்கோ லேப்டாப் சுமக்க வேண்டாம். கணினியோடு இணைத்து ஆடும்போது சுருக்கி விரிக்கும் வேலை இருப்பதால் முன்னோட்டப் படம் பிந்தும். டிவியைப் பார்த்துத்தான் ஆட வேண்டும். பழைய, வேகம் குறைந்த லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல துணை.

எல்காட்டோ எச்டி60 எக்ஸ்

2022-இல் வந்தது. யுஎஸ்பி 3.0, தனி அடாப்டர் வேண்டாம், டிரைவர் நிறுவ வேண்டாம். பதிவு 1080பி 60, 1440பி 60, அல்லது 4கே 30. டிவிக்கு 4கே 60 படம், ஒளி-நிற வீச்சைக் கூட்டும் எச்டிஆரோடு அப்படியே போகும். ஆட்டத்தின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்ப டிவி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதியும் தடைபடாது. மேலே டாங்கிளில் குழைந்த அதே புல், இதில் புல்லாகவே தெரிகிறது.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். இது எச்டிஎம்ஐ 2.0 தலைமுறை. 120 ஹெர்ட்ஸ் 4கே டிவி வைத்து பிஎஸ்5-ஐ 4கே 120-இல் ஓட்டுபவர்கள், கார்டு நடுவில் இருக்கும்வரை அதை இழக்க வேண்டும். எச்டிஆர் பதிவு விண்டோஸில் மட்டும்தான். 4கே 120-ஐ இழப்பது பெரிய குறையாகப் படுபவர்களுக்கு அதே நிறுவனத்தின் எச்டிஎம்ஐ 2.1 கார்டான 4கே எக்ஸ் இருக்கிறது. ஆனால் அதற்கு 10 ஜிகாபிட் யுஎஸ்பி போர்ட் இல்லாவிட்டால் கொடுத்த காசுக்கு முழுப் பயன் கிடைக்காது. வாங்குமுன் உங்கள் கணினியின் விவரக்குறிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு வரும் தலைவலிகள்

கறுப்புத் திரை: பிஎஸ்5-இல் எச்டிசிபி என்னும் நகல் தடுப்பு இயங்கிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போய் அதை அணைத்தால் படம் வரும். அணைத்திருக்கும்போது நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் ஓடாது. படம் பார்க்கும்போது மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பிஎஸ்3-இல் இதை அணைக்கவே வழியில்லை. அதற்குக் காம்போனென்ட் கேபிளும், அதை ஏற்கும் கருவியும் வேண்டும்.

வெளுத்துப்போன நிறம்: டிவியில் பளிச்சென்று தெரியும் படம் பதிவில் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால், கன்சோலில் எச்டிஆர் ஆன் ஆகியிருக்கிறது, கார்டோ ஓபிஎஸ்ஸோ அதைக் கையாளவில்லை என்று பொருள். எச்டிஆரை அணைத்துவிட்டுப் பதிவுசெய்வதே எளிது. யூடியூபில் பார்ப்பவர்களில் பலரிடம் எச்டிஆர் திரையும் இல்லை.

விட்டுவிட்டு வரும் படம்: கார்டை யுஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள். லேப்டாப்பின் 3.0 போர்ட்டில் நேராகச் செருகுங்கள். கார்டோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்; சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் 2.0 கம்பிகள்தான் இருக்கும்.

மின்வெட்டு: ஓபிஎஸ்ஸில் பதிவு வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். சாதாரண எம்பி4 பதிவு பாதியில் நின்றால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது பத்திரமாக இருக்கும். பிறகு ஓபிஎஸ்ஸின் ரீமக்ஸ் வசதியாலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் இந்த ஒரு மாற்றம் பல மணி நேர உழைப்பைக் காப்பாற்றும்.

வட்டில் இடம்: 1080பி 60 பதிவை 40 மெகாபிட்டில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிகாபைட் ஆகும். 256 ஜிபி லேப்டாப்பில் சில மாலைகளிலேயே நிரம்பிவிடும். தனி வட்டுக்கும் செலவு ஒதுக்குங்கள். என்கோடரை என்விடியாவின் என்வென்க், இன்டெலின் குயிக் சிங்க் போன்ற வன்பொருள் வகைக்கு மாற்றிவிட்டால் பிராசஸர் திணறாது.

யாருக்கு எது?

பழகிப் பார்க்க மட்டும் என்றால் டாங்கிள். 60 ஃப்ரேம் எதிர்பார்க்காதீர்கள். லேப்டாப் பலவீனம், அல்லது வெளியிடங்களில் பதிவு என்றால் மைக்ரோஎஸ்டி வசதியுள்ள கருவி. ஸ்விட்ச் வைத்திருப்பவருக்கு 1080பி 60-க்கு மேல் பணம் கட்டுவதில் அர்த்தமே இல்லை. டாக்கில் வைத்தாலும் அதன் உச்ச வெளியீடு அதுதான். ஸ்விட்ச் லைட் டிவிக்குப் படமே அனுப்பாது என்பதால் அதை வைத்திருப்பவர்கள் எந்தக் கார்டும் வாங்க வேண்டாம். பிஎஸ்5, ஸ்விட்ச் 2, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்திருப்பவர்கள் 1080பி-யில் பதிவுசெய்து, டிவியில் 4கே 60 பார்த்தால் போதும் என்றால் எச்டி60 எக்ஸ் ரகம். 4கே-யில் வெளியிடுவதே தொழில் என்பவர்கள் மட்டும் அதற்கு மேலே போகலாம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: பதிவு எத்தனை பி, எத்தனை ஃப்ரேம்? பாஸ்த்ரூ உண்டா? யுஎஸ்பி 3.0 சிப்தானா? மூன்றுக்கும் விவரக்குறிப்பில் எழுத்தாகப் பதில் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்குங்கள். படம் 1080பி-யாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். குரல் கரகரத்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.