எந்திரனும் நீலியும்

மாந்தரின் ஆற்றலை விஞ்சிய ஆற்றல் படைத்த தலைவனை வைத்து எடுத்த திரைப்படம் ஓடிவிட்டால், அதற்கு இரண்டாம் பாகம் வருதல் இன்று வழக்காகிவிட்டது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வளரும் நம் பிள்ளைகள் இத்தகைய படங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிக் காண்கின்றனர். அவற்றுள் சில நெஞ்சில் நிலைக்கின்றன. பல, கொட்டகையில் விளக்கு எரிந்தவுடன் மறைந்துவிடுகின்றன. இவ்வேறுபாடு எதனால் விளைகிறது என்பதே ஈண்டு நம் ஆராய்ச்சி. வசூலை வணிகர் எண்ணிக்கொள்ளட்டும்.

2010-ஆம் ஆண்டில் ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' முடிவுறும் இடத்தை அன்பர்கள் நினைவுகூர வேண்டும். தீய சில்லு பொருத்தப்பட்டுப் பேரழிவு செய்த சிட்டியைக் கழற்றிவிடுமாறு நீதிமன்றம் ஆணையிடுகிறது. அது விடைபெற்றுக்கொண்டு, தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. பல்லாண்டுகள் கழித்து அருங்காட்சியகத்தில் ஒரு சிறுமி, ஏன் கழற்றினார்கள் என்று கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்னும் பொருள்பட விடை வருகிறது. அவ்வளவு சண்டைக்கும் இரைச்சலுக்கும் பிறகு வரும் அந்த விடை, சிந்திக்கும் ஒன்றைக் கழற்றி மூலையில் வைக்க நமக்கு உரிமை உண்டா என்னும் வினாவை எழுப்பிவிட்டு நிற்கிறது. தமிழ்ப் படமொன்று இத்துணை நல்ல வினாவோடு முடிந்தது அரிது.

2018-இல் வந்த '2.0' அவ்வினாவைத் தொடவே இல்லை. கைப்பேசிகள் பறந்து ஊரை அச்சுறுத்துவதால் சிட்டி மீண்டும் பூட்டப்படுகிறது. கழற்றப்பட்டதைப் பற்றி அதற்கு மனவருத்தமும் இல்லை, கேள்வியும் இல்லை. பறவைகளுக்காக வாழ்ந்து, எவரும் செவிசாய்க்காமையால் கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு மாயும் பட்சிராசனின் துயரம் உருக்கமானதே. அம்முதியவரை வைத்துத் தனிப்படமே எடுத்திருக்கலாம். ஆனால் அத்துயரம் முதற்பாகத்தில் நிகழ்ந்த எதிலிருந்தும் பிறக்கவில்லை. முதற்பாகத்தில் சிட்டியால் கொல்லப்பட்ட பேராசிரியர் போராவின் மகன் இரண்டாம் பாகத்தில் வருகிறான். தந்தையை இழந்தவனும் தந்தையைக் கொன்ற கருவியும் எதிர்ப்படும் காட்சியன்றோ உண்மையான தொடர்ச்சி! அவனை இயக்குநர் பகைவனைத் திறந்துவிடும் திறவுகோலாக மட்டும் பயன்படுத்திக்கொண்டார். பழைய கோப்பை முடிக்காமல் புது எண் இட்டுப் புதுக்கோப்புத் திறக்கும் முறையை அலுவலகங்களில் நாம் கண்டிருக்கிறோம். '2.0' அவ்வகைக் கோப்பு.

மேலை நாட்டுப் படமாகிய 'சூப்பர்மேன்' 1978-இல் வந்தது. இரண்டாம் பாகம் 1980-இல் தோன்றியது. முதற்படத்தின் தொடக்கத்தில் தண்டிக்கப்பட்ட மூவரே இரண்டாவதில் பகைவர். அவர்களைச் சிறையிலிருந்து விடுவிப்பதும் தலைவனின் நற்செயலே: பாரிசைக் காக்க அவன் விண்வெளியில் எறிந்த குண்டு அங்கே வெடித்து அச்சிறையை உடைக்கிறது. அதே வேளையில் அவன் காதலுக்காகத் தன் ஆற்றலைத் துறந்து நிற்கிறான். ஆற்றலைக் கூட்டாமல் குறைத்ததனாலேயே அப்படம் சுவைத்தது.

இவ்வுத்தி நமக்குப் புதிதன்று. மதுரையை எரித்த கண்ணகிக்குச் சாத்தனார் இன்னொரு நகரை எரிக்கக் கொடுக்கவில்லை. மணிமேகலை வஞ்சி நகரில் அவள் படிமத்தின் முன் நின்று வினவுகிறாள். சினத்தால் ஊரை எரித்த வினையின் பயனைத் தான் துய்த்தே ஆகவேண்டும் எனத் தெய்வமாகிவிட்ட கண்ணகியே கூறுகிறாள். முதற்காப்பியத்தின் வெற்றியை இரண்டாவது கணக்குக் கேட்கிறது. அதுவும் சேரநாட்டு மண்ணில்!

நம் பக்கத்தில் வில்லுப்பாட்டாக வழங்கும் நீலி கதையும் இவ்வகையினதே. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டோடு அவள் பெயர் ஒட்டியிருப்பதை அறியாதார் நம்மிடையே குறைவு. ஒரு பிறவியில் நகைக்காகக் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் பழிவாங்க வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரார் முன் அவனைக் கணவன் என்று வழக்காடுகிறாள். அவன் அஞ்சி அலறுகிறான். சான்றோரோ அவளை நம்புகின்றனர். கேட்போரைக் கட்டிப்போடுவது அவளுடைய பேயுருவன்று, இந்த வழக்காட்டமே. பழையனூர் மரபில், அவனுக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மரும் தீயில் பாய்ந்து உயிர்விடுகின்றனர். பழைய கடன் தீரும்போதே புதிய கடன் பிறந்துவிடுகிறது.

இந்த நீலியை 2025-ஆம் ஆண்டில் டொமினிக் அருண் 'லோகா' என்னும் மலையாளப் படத்தில் சந்திரா என்ற பெயரில் பெங்களூருக்குக் கொண்டுவந்தார். கல்யாணி பிரியதர்ஷன் அவ்வேடத்தை அடக்கமாக நடித்தார். கணவன் செய்த கொலையை நீக்கி, அரசன் அவள் குடியின்மேல் ஏவிய கொடுமையை இயக்குநர் அங்கே வைத்தார். அம்மாற்றத்தை நாம் குறைகூறோம்; நாட்டார் கதை எப்போதும் பாடுவோன் வாயில் மாறுவதே. ஆனால் வழக்காட்டத்தையும் அவர் விட்டுவிட்டார். நூற்றாண்டுகளாக உயிர்வாழும் அவள் யாருக்கேனும் பதில் சொல்லவேண்டுமா என்பது அப்படத்தில் எழவில்லை. அடுத்த அத்தியாயம் சாத்தனைப் பற்றியது என அவ்வாண்டிலேயே அறிவித்துவிட்டனர். அதில் நீலி தன் வழக்கோடு வருவாளா, போராவின் மகனைப்போல் ஒரு கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுவாளா என்பதையே நாம் பார்க்கப்போகிறோம்.