எல்.எஸ். 3/5ஏ: பெயரைக் கேட்கிறோமா, ஒலியைக் கேட்கிறோமா?

இம்முறை நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது நூல் அன்று; ஓர் ஒலிபெருக்கி. உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. செருப்புக் கடையில் தரும் அட்டைப் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தியதைப் போலிருக்கும். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமான பி.பி.சி. 1970களில் தன் சொந்த உபயோகத்துக்காக வடிவமைத்தது. பெயர் எல்.எஸ். 3/5ஏ. அந்த வடிவமைப்பின்படி உரிமம் பெற்று இன்று செய்யப்படும் ஒரு ஜோடியின் விலை 2,000 பவுண்டுக்கு மேல். நம் பணத்தில் இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும். இந்தத் தொகையில் இயற்பியலுக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று பார்ப்போம்.

இதன் பிறப்பே விநோதமானது. புதிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைக் கட்டுவதற்கு முன்பு, அதில் ஒலி எப்படி எதிரொலிக்கும் என்று அறிய, எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரி அறை செய்து பார்ப்பது பி.பி.சி. ஆய்வுத் துறையின் வழக்கம். அறை எட்டு மடங்கு சிறுத்தால் அலைநீளமும் எட்டு மடங்கு சிறுக்க வேண்டும். அதாவது அதிர்வெண் எட்டு மடங்கு உயர வேண்டும். உண்மையான கூடத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலி செய்வதை மாதிரியில் 400 ஹெர்ட்ஸ் ஒலி செய்யும். ஆகவே 400 ஹெர்ட்சுக்குக் கீழே கவலையில்லாத ஒரு சிறிய ஒலிபெருக்கி தேவைப்பட்டது. அப்படிச் செய்த பெட்டி எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பேசியது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்குள் பெரிய பெட்டிகளை வைக்க இடமில்லை. எனவே இதையே வளர்த்து அங்கே வைத்தார்கள்.

வண்டிக்குள் அமர்ந்திருக்கும் பொறியாளருக்கு வேண்டியது இனிமை அன்று. ஒலிவாங்கிக்கு முன் பேசுபவரின் குரல் மாறாமல் கேட்க வேண்டும். குறையிருந்தால் அதுவும் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியைச் சோதிக்கவும் பி.பி.சி. பொறியாளர்கள், பேசுபவரின் நேர்க்குரலையும் பெட்டியிலிருந்து வரும் குரலையும் மாறிமாறிக் கேட்டு ஒப்பிடுவார்கள். அளவுகோல் மனிதக் குரல். இதை நினைவில் வைத்துக்கொண்டு வடிவமைப்பைப் பாருங்கள்.

சிறிய பெட்டிக்கு இயற்கை ஒரு நிபந்தனை விதித்திருக்கிறது. ஒரே அளவு ஒலி அழுத்தம் வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பின் அசைவு நான்கு மடங்காக வேண்டும். 200 ஹெர்ட்சில் கால் மில்லிமீட்டர் அசையும் கூம்பு, 100 ஹெர்ட்சில் ஒரு மில்லிமீட்டரும், 50 ஹெர்ட்சில் நான்கு மில்லிமீட்டரும் அசைய வேண்டும். இந்தப் பெட்டியிலுள்ள கூம்பு அலகோ 110 மில்லிமீட்டர் வகை. மேலும், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று வில்லைப் போல் கூம்பைத் தடுக்கும். பெட்டி சிறிதானால் அந்த வில் விறைப்பாகும். சிறிய பெட்டி, தாழ்ந்த ஒலி, உயர்ந்த திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்பது இத்துறையில் பழகிய விதி. எல்.எஸ். 3/5ஏ முதலாவதை முழுமையாகவும் இரண்டாவதைப் பாதியளவும் எடுத்துக்கொண்டு, மூன்றாவதைக் கைவிட்டது. 70 அல்லது 80 ஹெர்ட்சுக்குக் கீழே ஒலி விரைவாகத் தேய்கிறது. பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 ஹெர்ட்ஸ் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உணர்திறன் சுமார் 82 டெசிபெல்தான். 92 டெசிபெல் தரும் ஒலிபெருக்கி ஒரு வாட்டில் எழுப்பும் ஓசையை இது எழுப்பப் பத்து வாட் கேட்கும்.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 100 ஹெர்ட்சுக்குச் சற்று மேலே இதன் வரைகோடு ஒரு சிறு மேடாக எழுகிறது. மூடிய பெட்டியின் ஒத்ததிர்வு தரும் மேடு அது. கீழே ஒலி இல்லாததைக் காது உணராதபடி மறைக்கிறது. ஆண்குரலுக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பும் தருகிறது. இதைச் சாமர்த்தியம் என்று புகழ்வோர் உண்டு. குரலை உள்ளபடி காட்டவென்று பிறந்த கருவியில் இது ஒரு சிறு பொய் என்றே நான் கருதுகிறேன். பொறுத்துக்கொள்ளத்தக்க பொய்.

பெட்டியின் சுவர் விஷயத்தில் அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். கனமான சுவரே நல்லது என்பது பொதுவான எண்ணம். கனமான பலகையும் அதிரத்தான் செய்யும். அந்த அதிர்வு குரல் வீச்சின் நடுவே வந்து நெடுநேரம் நிலைத்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். பி.பி.சி. பொறியாளர்கள் 12 மில்லிமீட்டர் பிர்ச் மர ஒட்டுப்பலகையை எடுத்து, உட்புறம் தார் கலந்த கனத்த தகடுகளை ஒட்டினார்கள். அதிர்வு எழுந்தவுடன் தேய்ந்துபோகும். உச்ச ஒலி அலகைச் சுற்றிப் பட்டையாக ஃபெல்ட் ஒட்டியதும் இப்படிப்பட்ட வேலைதான்: பெட்டியின் ஓரங்களில் பட்டு ஒலி சிதறுவதை அது குறைக்கிறது. இவை எதுவும் பார்வைக்கு அழகு சேர்ப்பதில்லை.

இனிப் பெயர். எல்.எஸ். என்பது லவுட்ஸ்பீக்கர் என்பதன் சுருக்கம். 3 என்பது வெளிப்புற ஒலிபரப்புப் பிரிவு. 5 என்பது வரிசை எண். கடைசி எழுத்துக்குத்தான் ஒரு கதை உண்டு. முதலில் சில எல்.எஸ். 3/5 பெட்டிகளே செய்யப்பட்டன. மேலும் செய்ய முனைந்தபோது, கெஃப் நிறுவனம் அளித்த இரண்டு அலகுகளின் இயல்பும் மாறிப்போயிருந்தது தெரிந்தது. எனவே மறுபடி வடிவமைத்து 'ஏ' சேர்த்தார்கள். இன்று ரசிகர்கள் பக்தியோடு உச்சரிக்கும் அந்த எழுத்து, உண்மையில் சரக்குக் கோளாற்றைச் சரிசெய்ததற்கான குறிப்பு!

பெயரைத் திட்டமிட்டு வைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் கிளிப்ஷ் நிறுவனம் 1957இல் தன் சிறிய பெட்டிக்கு 'ஹெரசி' என்று பெயரிட்டது. சமய மறுப்பு என்பது பொருள். அறை மூலையில் வைக்கும் பெரிய கொம்பு ஒலிபெருக்கியே சிறந்தது என்று போதித்த பால் கிளிப்ஷ் அந்தக் கொள்கையை மீறியதால் வந்த வேடிக்கைப் பெயர் அது. பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் 1993இல் வெளியிட்ட 'நாட்டிலஸ்' சங்கைப் போலவே சுருண்டிருக்கும். கூம்பின் பின்புற ஒலியை, நுனி நோக்கிக் குறுகிச் செல்லும் குழாயில் விட்டு அடக்குவது அதன் தத்துவம். சுருள் அந்த நீண்ட குழாயை மடக்கிவைக்கும் வழி. அங்கே பெயர், உருவம், இயற்பியல் மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. எல்.எஸ். 3/5ஏ என்பதோ அலுவலகக் கோப்பு எண். விற்பனைக்காக வைக்கப்படாத அந்த எண்ணே பிற்காலத்தில் விற்பனையின் உயிராகிவிட்டது.

எவ்வளவு தூரம் என்றால், 1980களின் பிற்பகுதியில் மின் சுற்று திருத்தப்பட்டு மின்மறுப்பு 15 ஓமிலிருந்து 11 ஓமாக மாறியபோது, ரசிகர்கள் இரு கட்சியானார்கள். பழைய 15 ஓம் பெட்டிக்குத் தனி மதிப்பு. மாணவர்களுக்குத் தெரியும்: ஓம் அளவு தரத்தைச் சொல்லும் எண் அன்று. இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அது அதிர்வெண் வரைகோட்டில் தெரியும்; அங்கேதான் தேட வேண்டும்.

விலையில் நியாயமான பகுதியும் உண்டு. உரிமம் பெற்றவர் ஒவ்வொரு பெட்டியையும் அளந்து, பி.பி.சி.யின் வரையறைக்குள் வருவதைக் காட்ட வேண்டும். அலகுகளைத் தேர்ந்து பொருத்த வேண்டும். இது உழைப்பு. 1990களின் இறுதியில் கெஃப் அந்த அலகுகளைச் செய்வதை நிறுத்தியது. பழைய ஜோடிகள் அரும்பொருளாயின. பிறகு அவற்றைச் சிறு எண்ணிக்கையில் மீண்டும் செய்வது செலவு பிடிக்கும் காரியம். ஆனால் இவை எல்லாம் பழைய வடிவத்தை அப்படியே காப்பதற்கான செலவு. செவிக்கு வரும் ஒலியை மேம்படுத்தும் செலவு அல்ல. இதைவிடச் சீரான வரைகோடும் ஆழமான தாழ்ந்த ஒலியும் உள்ள சிறிய ஒலிபெருக்கிகள் இன்று இதில் ஒரு பங்கு விலைக்கே கிடைக்கின்றன.

அப்படியானால் வாங்கியவர்கள் கேட்பதாகச் சொல்லும் மேன்மை வெறும் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் 1994இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஹார்மன் நிறுவன ஊழியர்கள் நாற்பது பேர் நான்கு ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டு மதிப்பெண் இட்டார்கள். பின்னர் கண்ணால் பார்த்தபடியே கேட்டு மதிப்பெண் இட்டார்கள். கண்ணால் பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பு ஏறியது; சிறிய, மலிவான பெட்டியின் மதிப்பு இறங்கியது. கேட்டவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. பெயரும் விலையும் உருவமும் காதுக்குப் போகும் வழியிலேயே கலந்துவிடுகின்றன. நீங்கள் எந்த ஒலிபெருக்கியையும் ஒப்பிட நேர்ந்தால் ஒரு திரையும், இரண்டையும் ஒரே ஓசை அளவுக்குச் சரிசெய்யும் பொறுமையும், தெரிந்தவர் ஒருவரின் பேச்சுப் பதிவும் போதும். ஓசை அளவைச் சரிசெய்யாவிட்டால் சற்று உரக்கப் பேசுவதே வென்றுவிடும்.

எல்.எஸ். 3/5ஏ வடிவமைப்பை விளக்கும் பி.பி.சி. ஆய்வு அறிக்கை 1976இல் வெளிவந்தது, எண் 1976/29. எழுதியவர்கள் ஹார்வுட், வாட்டன், மில்ஸ். சந்தித்த சிக்கல்களையும் அலகுகள் மாறிப்போனதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளின் இன்றைய விளம்பர ஏடுகளில் மரத்தின் நிறத்துக்கு ஒரு பக்கம் இருக்கும்; வரைகோட்டுக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. அந்த அறிக்கை பி.பி.சி.யின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மேல்நிலைப் பள்ளி இயற்பியல் படித்தவருக்கு அதன் படங்கள் விளங்கும்.