கன்று முட்டியபோது அடிபட்டவர்கள்

சோல்செனித்சினின் ‘கருவாலி மரமும் கன்றுக்குட்டியும்’ (1975) விறுவிறுப்பான நினைவுநூல். சோவியத் அரசோடு தான் நடத்திய போரை ஒரு தளபதி மாதிரி விவரிக்கிறார். ஆனா இரண்டாவது தடவை படிக்கும்போது ஒரு கேள்வி உறுத்துது: இந்தப் போரில் அடிபட்டது யாரெல்லாம்?

1967 மே மாதம் சோவியத் எழுத்தாளர் மாநாட்டுக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பினார். தணிக்கைக்கு அரசியல் சட்டத்தில் இடமே இல்லை, ஆகவே அது சட்டவிரோதம், ஒழித்துவிடுங்கள் என்பது சாரம். மாநாடு அதை விவாதத்துக்கு எடுக்கவில்லை. ஆனால் சுமார் 250 பிரதிகள் ஏற்கெனவே பல கைகளுக்குப் போயிருந்தன. வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. அதுதான் அவருக்குக் கவசம். பெயர் தெரியாத ஆளைச் சத்தமில்லாம அமுக்கிடலாம். உலகமே பார்த்துக்கிட்டிருக்கிற ஆளை அப்படிச் செய்வது கஷ்டம். 1969இல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். 1974இல் நாடுகடத்தினார்கள். உயிர் தப்பியது.

எலிசவேத்தா வொரோன்யான்ஸ்கயாவுக்கு அந்தக் கவசம் கிடையாது. ‘குலாக்’ நூலைத் தட்டச்சு செய்துகொடுத்த லெனின்கிராட் பெண்மணி. 1973 ஆகஸ்டில் கேஜிபி அவரை ஐந்து நாள் விசாரித்தது. பிரதி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டார். வீடு திரும்பியவர் பிறகு தூக்கில் பிணமாகத்தான் கண்டெடுக்கப்பட்டார்.

இப்படி ரகசியமாக உதவிய பலரை அடையாளம் தெரியும்படி அவர் 1975இல் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர்கள் மாட்டியிருப்பார்கள். அவர்களைப் பற்றிய பகுதி 1991இல்தான் வெளிவந்தது. இந்த மௌனத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருக்கு. ‘நோவி மிர்’ ஆசிரியர் த்வர்தோவ்ஸ்கி, குருஷ்சேவ் வரைக்கும் போய் அனுமதி வாங்கி 1962இல் ‘இவான் தெனிசோவிச்’சை வெளியிட்டவர். 1970இல் பதவியை இழந்தார், 1971இல் இறந்துபோனார். இந்த நூலில் அவர் பெரும்பாலும் குடிக்கிறார், தயங்குகிறார். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அவரோடு பத்திரிகையில் வேலை பார்த்த லக்‌ஷின்தான் கோபமாகப் பதில் எழுதினார். எனக்கு லக்‌ஷின் பக்கம்தான் நியாயம் தெரியுது. தணிக்கையை வெளியிலிருந்து எதிர்க்க ஒரு துணிச்சல் வேணும். உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொரு இதழுக்கும் அதிகாரிகளோடு மல்லுக்கட்ட இன்னொரு வகைத் துணிச்சல் வேணும். முதலாவதைத்தான் சோல்செனித்சின் துணிச்சலாக மதிக்கிறார்.

படிக்கிறவங்க அந்த 1991 பகுதியையும் லக்‌ஷினின் பதிலையும் சேர்த்தே படிச்சிடுங்க. அப்பத்தான் கணக்கு முழுசாகும்.