சொல்லற்ற இசையும் லாரி ஹேர்டும்

பாட்டென்றால் சொல், சொல்லென்றால் பொருள், பொருளென்றால் பயன் என்று அடுக்கிக்கொண்டு போவது நம்மவர் வழக்கம். வாய்ப்பாட்டில்லாத இசையைக் கேட்டவுடன், ‘இதில் என்ன சொல்லியிருக்கிறது?’ என்று வினவுகிறோம். நாகசுரத்தைக்கூட அதற்குரிய கீர்த்தனத்தின் சொற்களை நெஞ்சில் ஓடவிட்டுக்கொண்டே கேட்பவர் பலர். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரத்து லாரி ஹேர்டு என்பார் இந்தக் கேள்வியை ஏறக்குறைய நாற்பதாண்டுகளாகச் சந்தித்து வந்திருக்கிறார். அவர் அளித்த விடைகளெல்லாம் இசைத்தட்டுக்களாக இருக்கின்றன. அவற்றை ஆண்டு வரிசையில் வைத்து ஆராய்வதே ஈண்டு என் கருத்து.

அவர் கையாண்ட இசைக்கு ‘ஹவுஸ்’ என்று பெயர். நகரத்து இளைஞர் அறிவர்; தோட்டத்து அன்பர்களில் சிலர் அறியாதிருக்கலாம். சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்றோர் ஆட்ட மண்டபம் இருந்தது. 1977 முதல் அங்கே பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இரவெல்லாம் தட்டுக்களை ஒன்றோடொன்று இழைத்து ஓட்டுவார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தாரும் லத்தீன் இனத்தாரும். தன்பாலரை விரும்புவதனால் ஊராரால் ஒதுக்கப்பட்டோரும் மிகுதி. வேறு மண்டபங்களின் கதவு அவர்களுக்கு எளிதில் திறந்ததில்லை. மண்டபத்தின் பெயரில் பின்பாதியே இசைக்குப் பெயராயிற்று. 1979 ஜூலை 12-ஆம் நாள் அந்நகரத்துக் கமிஸ்கி மைதானத்தில், பந்தாட்டத்தின் இடைவேளையில், ‘டிஸ்கோ’ இசைத்தட்டுக்களைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்துக் கொண்டாடினர் ஒரு கூட்டத்தார். பெரிய கம்பெனிகளும் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆடினவர்கள் கைவிடவில்லை. மலிவாகக் கிடைத்த ஜப்பானிய மின்னிசைக் கருவிகளைக் கொண்டு வீட்டறைகளிலேயே தமக்கு வேண்டியதைச் செய்துகொண்டனர். நாலு அடிக்கும் நாலு குத்து. இரண்டாவதிலும் நான்காவதிலும் கைதட்டு. நிமிடத்துக்கு 120 அடி அளவில் ஓட்டம். எலும்புக்கூடு இவ்வளவுதான்.

ஹேர்டு 1960-இல் பிறந்தவர். கையில் முதலில் எடுத்தது மேளம். இளமையில் வாத்தியக் குழுக்களில் மேளம் அடித்தவர். மேளக்காரன் பண் அமைக்கலாமா என்ற எண்ணம் எக்குழுவிலும் உண்டன்றோ? அவரோ தாமே ஒரு சிந்தசைசரையும் மேள இயந்திரத்தையும் தேடிக்கொண்டு தனியே அமர்ந்துவிட்டார். அக்காலத்தில் அவருக்குச் சோறிட்ட வேலை அரசாங்கத்துச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் உதவித்தொகைக் கணக்குப் பார்க்கும் வேலை. யானும் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணியாதலின் இச்செய்தி என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் பிறருடைய தொகையைக் கூட்டிப் பார்த்தவன் இரவில் என்ன செய்வான் என்பது எனக்கு ஒருவாறு தெரியும். பெரும்பாலும் தூங்குவான்.

1985-இல் ‘அலீவியேட்டட்’ என்ற சொந்தப் பெயரில் ‘மிஸ்டரி ஆஃப் லவ்’ என்னும் தட்டை வெளியிட்டார். மறு ஆண்டில் ‘டிராக்ஸ்’ கம்பெனியார் ‘மிஸ்டர் ஃபிங்கர்ஸ்’ என்ற புனைபெயரில் அவருடைய தட்டொன்றை வெளியிட்டனர். அதிலுள்ளவை ‘வாஷிங் மெஷின்’, ‘கேன் யூ ஃபீல் இட்’ முதலியன. பின்னதன் பெயருக்கு ‘உனக்கு உணர்வாகிறதா?’ என்று பொருள் கூறலாம். ரோலண்டு கம்பெனியின் ஜூனோ 60 சிந்தசைசரும் 909 என்னும் மேள இயந்திரமும் இதற்குப் போதியவையாயின. கீழே ஒரு தாழ்ந்த குரல் சில சுரங்களை மட்டும் திரும்பத் திரும்ப நடந்து காட்டுகிறது. அதன்மேல் மூச்சுப்போல் நீண்ட சுரக்கூட்டங்கள் வந்து படிந்து, பின் வேறிடத்துக்கு நகர்கின்றன. மகிழ்ச்சியா துயரமா என்று துணிந்து சொல்ல இயலாத நிலை. இதில் யான் வியப்பது மேளத்தைத்தான். மேளமே தொழிலாயிருந்தவர் இங்கே மேளத்தில் தம் திறமை எதையும் காட்டவில்லை. விரல்வித்தை இல்லை, முத்தாய்ப்பு இல்லை. மேலே வரும் பண்ணுக்குத் தரை வேண்டுமென்று தரையை மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நம் கச்சேரிகளில் தனியாவர்த்தனத்துக்குக் கை துடிக்கும் வித்துவான்களை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் முன்னர் ஆசிரியராயிருந்த பெரியவர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பொறுத்திருந்துவிட்டு, “என்ன கிராணியாரே, ஆலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டீரோ?” என்றார். அவர் கேட்டதில் நியாயமில்லையென்று சொல்லமாட்டேன். ஆயினும் செம்பனை ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவன் யான். ஆலையின் ஓசை யாருக்காகவும் காத்திராது. அதற்கு இரவும் பகலும் ஒன்றே. ஹேர்டின் இயந்திரம் அப்படியன்று. ஒரு சுரக்கூட்டம் முழுதும் அடங்கும்வரை மற்றொன்றை வரவிடாமல் நிறுத்திவைக்கிறது. அந்தக் காத்திருப்பு இயந்திரத்தினுடையதன்று, மனிதனுடையது. ‘வாஷிங் மெஷினை’க் கேட்டிருந்தால் பெரியவருக்குச் சினம் இன்னும் மிகுந்திருக்கும், சுழன்று சுழன்று வழுக்கும் ஓசை அது. ஒரே தட்டில் இவ்விரண்டும் இருந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இருபதாண்டு கழித்து இவை சந்திக்கும்.

இனிச் சொல்லின் கதைக்கு வருவோம். ‘கேன் யூ ஃபீல் இட்’ பரவியபின் அதன்மேல் பிறர் பேச்சுக்களை ஒட்டலாயினர். ஹவுஸ் பிறந்த கதையைப் பாதிரியார் பிரசங்கம்போல் முழங்கும் சக் ராபர்ட்ஸின் குரலை ஒட்டினது ஒன்று. மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் வாஷிங்டனில் நிகழ்த்திய பெரும் சொற்பொழிவை ஒட்டினது மற்றொன்று. சீர்திருத்தத்தில் பற்றுடைய நம் வாசகர்க்கு இப்பின்னது இனிக்கும். எனக்கும் முதலில் இனித்தது. மயிர்க்கூச்செறியக் கேட்டேன். ஆனால் பத்தாம் முறை கேட்டபொழுது யான் இசையைக் கேட்கவேயில்லை. கிங்கின் பேச்சையே கேட்டேன். அப்பேச்சுக்கு வாத்தியத் துணை எதற்கு? அந்த இசைக்குத்தான் பேச்சின் துணை எதற்கு? விலக்கப்பட்டவர்கள் ஓரிடத்தில் கூடி விடியுமட்டும் அச்சமின்றி ஆடினார்களே, அந்த விடுதலையை இசை தன் மொழியில் முன்னமே சொல்லிவிட்டது. நல்ல கொள்கை எந்தக் கலையின்மேலும் ஏறி அமரலாம் என்னும் எண்ணம் நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் மலிந்திருத்தலால் இதனைச் சற்று அழுத்திச் சொன்னேன்.

ஹேர்டு குரலுக்குப் பகைவரென்று இதனால் கொள்ளற்க. ராபர்ட் ஓவன்ஸ், ரான் வில்சன் இருவரோடும் சேர்ந்து ‘ஃபிங்கர்ஸ் இன்க்.’ என்ற குழுவாக அவர் 1988-இல் வெளியிட்ட ‘அனதர் சைடு’ ஹவுஸ் இசையின் முதல் முழுத்தொகுதிகளில் ஒன்று. ஓவன்ஸின் குரல் உரக்கப் பாடுவதன்று. பக்கத்து அறையில் ஒருவர் தமக்குத்தாமே புலம்புவது போன்றது. அதற்கேற்ப ஹேர்டும் இடம்விட்டு அமைத்தார். அக்காலத்திலேயே ‘கெர்க்கின் ஜெர்க்ஸ்’ என்ற வேறு பெயரில் கரடுமுரடான சில தட்டுக்களையும் வெளியிட்டார். மென்மை அவருக்கு இயலாமையால் வந்ததன்று என்பதற்கு அவையே சான்று.

1992-இல் எம்.சி.ஏ. என்னும் பெருங்கம்பெனி வழியாக ‘இன்ட்ரொடக்‌ஷன்’ வெளிவந்தது. இங்கே ஹேர்டே பாடுகிறார். தூய்மையான ஒலி, செம்மையான அமைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘வாட் அபௌட் திஸ் லவ்’ போன்ற பாட்டில் அவருடைய தயங்கிய குரல் உண்மையாகவே நெஞ்சைத் தொடுகிறது. மற்றவற்றில் வானொலிக்கு ஏற்ற அளவில் பல்லவியும் சரணமும் நறுக்கப்பட்டு, நீண்ட மூச்சு குட்டையாயிற்று. இத்தொகுதியை உச்சியென்பாரும் உளர், யான் உடன்படேன்.

அடுத்து அவர் செய்தது என் கட்சிக்கு வலுவூட்டுவது. பெருங்கம்பெனியை விட்டு விலகி, 1990-களின் நடுவில் ‘சீனரீஸ் நாட் சாங்ஸ்’ என இரு தொகுதிகள் வெளியிட்டார். ‘காட்சிகள், பாட்டுக்கள் அல்ல’ என்பது பெயர். பெயரே ஒரு மறுமொழி! குத்து தளர்ந்து, சில இடங்களில் ஆட்டமே ஒழிந்து, மழை நின்றபின் மரத்திலிருந்து சொட்டுவதுபோல் சுரங்கள் விழுகின்றன. 1996-இல் வந்த ‘ஏலியன்’ இன்னும் தொலைவுக்குப் போய்விட்டது. அதில் சில பகுதிகள் வெறும் மினுக்கு என்பதையும் ஒளிக்கவேண்டியதில்லை. பின்னர்ச் சிகாகோவையே நீங்கி மெம்பிஸ் நகரத்தில் குடியேறினார்.

2006-இல் ‘தி சன் கான்ட் கம்பேர்’ வந்தது. மிஸ்டர் ஒயிட் என்பார் பாடியது. ‘வாஷிங் மெஷினின்’ வழுக்கும் சுழலொலி அடியில் ஓடுகிறது, ‘கேன் யூ ஃபீல் இட்’டின் நெடுமூச்சு மேலே விரிகிறது, இரண்டுக்குமிடையே குரல் மிகச் சில சொற்களை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குகிறது. ஓவன்ஸின் காலத்தில் குரல் நடுவில் நின்றது. எம்.சி.ஏ. காலத்தில் குரலே எசமானாயிற்று. இங்கே குரலும் ஒரு வாத்தியம், அவ்வளவே. அவருடைய வளர்ச்சி எதுவென்று கேட்பார்க்கு யான் இத்தட்டைக் காட்டுவேன். கருவி பெரிதாகவில்லை, வேகம் கூடவில்லை. எதை எங்கே விடவேண்டும் என்பது தெளிந்திருக்கிறது.

செவியின் நலங்கருதி 2012-இல் தட்டோட்டும் தொழிலினின்று ஒதுங்கினார். 2016-இல் ‘அவுட்டர் ஆசிட்’ என்ற சிறு தொகுதியும், 2018-இல் ‘செரிப்ரல் ஹெமிஸ்பியர்ஸ்’ என்ற பெருந்தொகுதியும் பழைய புனைபெயரிலேயே வந்தன. பின்னது நீளம் மிகுந்தது. பாதியாகக் குறைத்திருப்பின் நன்றாயிருக்கும்.

இதற்கிடையே மற்றொரு கணக்கும் இருந்தது. 1980-களில் டிராக்ஸ் கம்பெனி வெளியிட்ட தங்கள் படைப்புக்களுக்கு உரிய தொகை வரவில்லையென்று ஹேர்டும் ஓவன்ஸும் 2020-இல் வழக்குத் தொடுத்தனர். 2022-இல் சமரசம் ஏற்பட்டு, அவ்விசையின் உரிமை இருவர் கைக்கும் திரும்பி வந்தது. ‘கேன் யூ ஃபீல் இட்’ வெளிவந்து அப்பொழுது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகமெங்கும் ஆட்ட மண்டபங்களில் அது ஒலிக்காத வாரமில்லை என்னத்தக்க அத்தனை காலமும் அதன் உரிமை ஆக்கினவர் கையில் இல்லை. பால்மரத்தை நட்டவன் ஒருவன், பாலின் விலையைப் பெற்றவன் வேறொருவன் என்ற கதையை அறிந்த நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கேட்க விரும்பும் அன்பர்கள் பேச்சு ஒட்டப்படாத 1986-ஆம் ஆண்டுப் பதிப்பையே தேடிக் கேட்பாராக. இரவு ஆலை நின்றபின் கேட்டால் கீழ்க்குரலின் நடை தெளிவாய் விளங்கும். பெரியவருக்கு அந்த நேரத்தில் மறுமுறை போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவரும் ‘பார்ப்போம்’ என்றிருக்கிறார்.