கென்னடியின் ஹூஸ்டன் உரை

1960 செப்டம்பர் 12-இல் ஹூஸ்டன் நகரில், புராட்டஸ்டண்ட் போதகர்கள் கூடிய அவையில் ஜான் கென்னடி ஆற்றிய உரையை மீண்டும் படித்தோம். கத்தோலிக்கர் ஒருவர் அமெரிக்க அதிபரானால் போப்பாண்டவரின் சொற்படி ஆள்வாரோ என்னும் ஐயத்திற்கு அவர் அளித்த விடை அது.

அரசும் திருச்சபையும் வேறு வேறு என்றார். பதவிக் கடமையும் மனச்சான்றும் மோதுமாயின் பதவியைத் துறப்பேன் என்றார். ஆயினும் வெற்றிக்காகத் தம் சமயத்தை மறுதலிக்க அவர் இசையவில்லை. உரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

குறையும் உண்டு. இன்று கத்தோலிக்கர்மீது நீளும் விரல் நாளை யூதர்மீதோ குவேக்கர்மீதோ நீளலாம் என்று எச்சரித்தவர், முஸ்லிமைக் குறிப்பிடவில்லை. 2006-இல் கீத் எல்லிசன் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான முதல் முஸ்லிமானபோது, அவர் திருக்குர்ஆன்மீது உறுதிமொழி ஏற்பதா என்று சர்ச்சை எழுந்தது. பதவிக்குச் சமயத் தகுதி கேட்கலாகாது என அந்நாட்டு அரசியல் சட்டம் என்றோ விதித்துவிட்டது. சட்டம் விலக்கிய வினாவை மனிதர் எளிதில் விடுவதில்லை.

பிறர் குறை கூறும் நாம் நம்மையும் நிறுத்துப் பார்க்க வேண்டாமா? நம்மவர் என்பதற்காகவே தகுதியற்றவருக்கு வாக்களித்தால், அந்தப் போதகர்களைக் குறைகூற நமக்கு ஏது அருகதை? வாக்கு ஓர் அமானிதம். வேட்பாளரின் மார்க்கம் யாதென்பதன்று, அவர் நேர்மையாளரா, சொன்ன சொல் காப்பவரா என்பதே நம் வினாவாகட்டும்.