தவாஃபும் எலக்ட்ரானும்: அறிவியல் ஒப்புமைகள் குறித்து

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் ஓயாது சுழல்கின்றன. ஹாஜிகள் கஅபாவைச் சுற்றித் தவாஃப் செய்கின்றனர். ஆகவே படைப்பின் மிகச் சிறிய துகளும் தவாஃபிலேயே இருக்கிறது. இக்கூற்றைக் கேளாதவர் நம்மில் அரிது. பயான் மேடைகளிலும் ஹஜ் வழிகாட்டிக் கூட்டங்களிலும் சிறு நூல்களிலும் அது பல்லாண்டுகளாக வழங்கி வருகிறது. நாமும் அதைச் சொல்லியிருக்கிறோம்; கேட்டவர்கள் 'சுப்ஹானல்லாஹ்' என்றபோது மனம் மகிழ்ந்தும் இருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உஸூலுல் ஃபிக்ஹ் வகுப்பில் கியாஸ் பாடம் நடந்துகொண்டிருந்தது. இயற்பியலில் பட்டம் பெற்ற பின் நம்மிடம் ஓத வந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், கியாஸில் இல்லத் இன்றி எதையும் எதனோடும் இணைக்கலாகாது என்கிறீர்கள். தவாஃபுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையில் இல்லத் எது?" என்று பணிவோடு வினவினார். அன்று நம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரையை அக்கேள்விக்குக் காலந்தாழ்ந்து எழுதும் விடையாகக் கொள்ளலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஒப்புமையே கூடாதென்பது நம் கருத்தன்று. அறியாததை அறிந்ததன் வழியே அறிவதுதான் மனித அறிவின் இயல்பு. கண்ணால் காணவியலாத அணுவையும் மின்னோட்டத்தையும் ஒருவன் வேறு எவ்வாறு முதன்முதலில் மனத்தில் பதித்துக்கொள்வான்? திருக்குர்ஆனும் கொசுவையும் சிலந்தியின் வீட்டையும் உவமையாக எடுத்துக்காட்டி மனிதரைச் சிந்திக்க அழைக்கிறது. ஒப்புமையைக் கையாளும் ஒழுங்கு எது என்பதே நம் வினா. அவ்வொழுங்கை அறிய நாம் வெளியே எங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

கியாஸுக்கு நான்கு உறுப்புகள் உண்டென்பது நம் மதரஸாக்களின் இளம் மாணவரும் அறிந்தது: விதி முன்பே தெரிந்த மூலமாகிய அஸ்ல், விதி தேடப்படும் கிளையாகிய ஃபர்உ, மூலத்தின் விதியாகிய ஹுக்மு, இரண்டையும் இணைக்கும் காரணமாகிய இல்லத். கம்ரிலிருந்து நபீதுக்குச் செல்லும் எடுத்துக்காட்டைக் கொண்டே ஆசிரியர்கள் இதை விளக்குவர். திராட்சை மதுவுக்கு நிறம் உண்டு, மணம் உண்டு, நுரை உண்டு. அது ஒரு குறிப்பிட்ட கனியிலிருந்து வருகிறது. அது போதையும் தருகிறது. இவற்றுள் தடைக்குக் காரணம் எது? ஒவ்வொன்றாக எடுத்து ஆய்ந்து, பொருந்தாதவற்றைத் தள்ளி, போதையே இல்லத் என்று நிறுவிய பின்னரே விதியானது பேரீச்சம்பழ ஊறலுக்குச் செல்கிறது. செந்நிறமே காரணமென்று ஒருவன் கொண்டால் மாதுளைச் சாறும் ஹராமாகிவிடும்! நம் முன்னோர் இத்துடன் நிறைவடையவில்லை. கியாஸைத் தகர்க்கும் ஆட்சேபங்களைக் 'கவாதிஹ்' என்று தனியே தொகுத்தனர். அவற்றுள் தலையாயவற்றில் ஒன்று, மூலத்துக்கும் கிளைக்கும் இடையே விதியைத் தடுக்கும் வேறுபாடு, அதாவது ஃபாரிக், உண்டா என்பது. வேறுபாட்டைப் பாராது செய்யும் கியாஸ் 'கியாஸ் மஅல் ஃபாரிக்' என்று ஒதுக்கப்படும்.

தமிழ் இலக்கண மரபும் உவமைக்கு அடிப்படை தேடியது. தொல்காப்பியத்தின் உவமவியல் வினை, பயன், மெய், உரு என நான்கு நிலைகளில் உவமை பிறக்கும் என்கிறது. ஆயினும் கவிஞனுக்கு அவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே போதும். முகத்தை நிலவு என்றவனிடம் முகத்துக்குப் பிறை உண்டா என்று எவரும் கேட்பதில்லை. ஒப்புமையிலிருந்து ஒரு முடிவைப் பெற முனைபவனுக்கோ இச்சலுகை இல்லை. ஃபகீஹும் அறிவியலாளரும் இவ்விடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றனர்.

இவ்வளவுகோலைக் கொண்டு அணுவுக்கு வருவோம். 1911இல் ரூதர்ஃபோர்டு, அணுவின் நேர்மின்னூட்டமும் பெரும்பாலான நிறையும் நடுவில் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்கின்றன என்று காட்டினார். அணுவைச் சூரியக் குடும்பத்தோடு ஒப்பிடும் வழக்கம் இதன் பின் பரவியது. அது வெறும் உருவ ஒற்றுமையன்று. சூரியனுக்கும் கோளுக்கும் இடையிலான ஈர்ப்பு விசை, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அணுக்கருவுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையிலான மின்விசையும் அவ்வாறே குறைகிறது. இங்கே உண்மையான இல்லத் ஒன்று இருக்கிறது. எனவே, நடுவில் கனத்த பொருள், சுற்றிலும் பெரும் வெற்றிடம், தொலைவோடு தளரும் விசை என்ற அளவில் அந்த ஒப்புமை நல்ல பயன் தந்தது.

ஆனால் ஃபாரிக்கும் இருந்தது. கோளுக்கு இல்லாத மின்னூட்டம் எலக்ட்ரானுக்கு உண்டு. மின்னூட்டம் கொண்ட துகள் வளைந்து சுழன்றால், அன்றைய இயற்பியல் விதிகளின்படி, அது ஆற்றலைக் கதிராக உமிழ்ந்து இழக்க வேண்டும். நொடியின் மிக நுண்ணிய பகுதிக்குள் கருவில் சென்று விழ வேண்டும். அணுக்களோ நிலைத்திருக்கின்றன. நீல்ஸ் போர் 1913இல் சில குறிப்பிட்ட பாதைகளில் மட்டும் எலக்ட்ரான் ஆற்றல் இழக்காது சுழலும் என்று கொண்டு இச்சிக்கலைச் சமாளித்தார். 1926இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்த பின் பாதை என்ற கருத்தே விலகியது. எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்னும் நிகழ்தகவு மட்டுமே எஞ்சியது. மிக எளிய அணுவாகிய ஹைட்ரஜனின் தாழ்ந்த ஆற்றல் நிலையில் எலக்ட்ரானின் சுற்றுக் கோண உந்தம் சுழி. எளிய மொழியில் சொன்னால், அங்கே அது கருவைச் சுற்றிவரவில்லை.

ஆக, இயற்பியலாளர் ஒப்புமையை ஏணியாகக் கொண்டு ஏறினர். ஃபாரிக் தென்பட்டதும் இறங்கிவிட்டனர். நம் மேடைகளோ அவர்கள் விட்டுச் சென்ற ஏணியின் உச்சியில் தவாஃபைக் கொண்டுபோய் நிறுத்தின. சிலர் மேலும் ஒரு படி சென்று, எலக்ட்ரானும் ஹாஜியைப் போலக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலேயே சுற்றுகிறது என்கின்றனர். சுழற்சியின் திசை காண்பவன் நிற்கும் பக்கத்தைப் பொறுத்தது. கோள்களும் வடக்கிலிருந்து நோக்கினால் எதிர்த்திசையிலும், தெற்கிலிருந்து நோக்கினால் கடிகாரத் திசையிலும் செல்வதாகவே தோன்றும்.

இதினும் பெரிய பிழை நம் துறைக்குள்ளேயே இருக்கிறது. காரணம் அறிவுக்கு எட்டாது, கட்டளைக்குப் பணிதலே நோக்கமாக அமைந்த வணக்கங்களைத் 'தஅப்புதீ' என்பர். தொழுகையின் ரக்அத் எண்ணிக்கையும் தவாஃபின் ஏழு சுற்றுகளும் இவ்வகையின. இல்லத் அறியப்படாத இடத்தில் கியாஸ் நடவாது என்பது நம் உஸூல் அறிஞர்களின் விதி. தவாஃப் நிய்யத்தோடு தொடங்குகிறது. ஏழாவது சுற்றில் நிறைவடைகிறது. இடையே துஆ இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. அதன் பொருள் கீழ்ப்படிதலில் இருக்கிறதேயன்றிச் சுழற்சியின் வடிவத்தில் இல்லை. அந்த மாணவருக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே: இல்லத் இல்லை, தம்பி, இங்கே அஸ்லாக நிற்கத் தவாஃபே இடந்தராது.

ஒரே பொருளுக்கு இரண்டு ஒப்புமைகள் இருந்து, இரண்டும் பாதி உண்மையாக இருப்பதும் உண்டு. மின்னோட்டத்தைக் குழாயில் ஓடும் நீராகவும் கருதலாம். வாயில்கள் வழியே நகரும் மக்கள் கூட்டமாகவும் கருதலாம். 1983இல் டெட்ரே ஜென்ட்னரும் டொனால்ட் ஜென்ட்னரும் வெளியிட்ட ஆய்வில், நீராக எண்ணியவர்கள் மின்கலங்களை இணைக்கும் கணக்குகளிலும், கூட்டமாக எண்ணியவர்கள் மின்தடைகளை இணைக்கும் கணக்குகளிலும் தேறினர். காரணம் விளங்கக்கூடியதே. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த தொட்டிகள் நீரின் அழுத்தத்தைக் கூட்டும் என்பதை எவரும் உணர்வர். அருகருகே இரண்டு வாயில்கள் திறந்தால் நெரிசல் குறையும் என்பதையும் உணர்வர். எந்த ஒப்புமையும் தனக்குரிய இல்லத் எட்டும் தொலைவு வரையே வழிகாட்டும்.

இவ்வொழுங்கை அறிவியலில் கடைப்பிடித்தோர் நம் வரலாற்றிலேயே உள்ளனர். பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம், ஏழு பகுதிகளாலான தம் 'கிதாபுல் மனாளிர்' நூலில் ஒளியின் போக்கை எறியப்பட்ட பந்தின் போக்கோடு ஒப்பிட்டார். மெல்லிய பலகையில் நேர்செங்குத்தாக எறிந்த பந்து அதைத் துளைக்கும்; சாய்வாக எறிந்தது வழுக்கிச் செல்லும். அவ்வாறே செங்குத்தாக விழும் கதிரே வலியது. கண் தெளிவாக ஏற்பதும் அதையே என்றார். இம்முடிவு முழுதும் நிலைக்கவில்லை. சாய்ந்த கதிர்களையும் வில்லையானது விழித்திரையில் குவிக்கிறது என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். இப்னுல் ஹைஸம் கண்ணைக் கேமராவாகவே கண்டார் என்று நம்மவர் எழுதுவதும் சரியன்று. இருட்டறையில் துளைவழி நுழையும் ஒளியை அவர் ஆராய்ந்தது உண்மை. பார்வை நிகழுமிடம் விழித்திரை என அவர் கொள்ளவில்லை. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வதால் அவருடைய மெய்யான பெருமைதான் மறைகிறது.

அந்நூலுக்கு விரிவுரை எழுதிய பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ ஒப்புமையின் ஒழுங்கை இன்னும் துல்லியமாகக் கையாண்டார். ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வானவில்லின் காரணத்தை ஆராய்ந்தார். மழைத்துளி மிகச் சிறியது, நில்லாது விழுவது, அதைக் கையிலெடுத்து ஆய்வது இயலாது. எனவே நீர் நிரப்பிய பெரிய கண்ணாடிக் கோளத்தை இருட்டறையில் வைத்து அதனுள் ஒளியின் வழியைத் தொடர்ந்தார். இருமுறை விலகி, ஒருமுறை உள்ளே எதிரொளித்து வரும் ஒளியால் முதன்மை வில்லும், இருமுறை எதிரொளித்து வருவதால் இரண்டாம் வில்லும் தோன்றுகின்றன என்று கண்டார்.

கோளத்துக்கும் துளிக்கும் இடையிலான இல்லத் தெளிவானது: இரண்டும் ஒளி ஊடுருவும், உருண்ட நீர். ஆனால் துளிக்குக் கண்ணாடிச் சுவர் இல்லை. இந்த ஃபாரிக்கை அவர் கண்டும் காணாது விடவில்லை. அச்சுவரால் ஏற்படும் விலகல் முடிவைக் கெடுக்குமா என்று ஆய்ந்து, அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று காட்டிய பின்னரே மேற்சென்றார். நிறங்களின் காரணத்தில் அவருடைய விளக்கம் நிறைவு பெறவில்லை. அதற்கு 1672இல் நியூட்டன் வெளியிட்ட ஆய்வு வரை உலகம் காத்திருந்தது. ஆயினும் ஒளி செல்லும் வழி பற்றி அவர் சொன்னது இன்றும் நிற்கிறது.

பாமர மக்களின் ஈமானைத் தூண்டச் சொல்லும் ஓர் உவமையை இவ்வளவு கடுமையாக நிறுக்க வேண்டுமா என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். அவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையில் கிரகணத்தை முன்வைத்துச் சொன்ன எச்சரிக்கை இங்கே நினைவுகூரத்தக்கது. கணக்கால் உறுதியான ஒன்றை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்பது அதன் சாரம். உறுதியாகாத ஒன்றை மார்க்கத்தின் பெயரால் நிறுவுவோர்க்கும் அது பொருந்தும். விளைவு இரண்டிலும் ஒன்றே. இன்று மேடையில் நாம் சொல்வதை நாளை கல்லூரி வகுப்பில் நம் பிள்ளை தவறென்று படிக்கிறான். அப்போது அவன் ஐயுறுவது உவமையை மட்டுமன்று; அதைச் சொன்ன ஆலிமையும், ஒருவேளை அவர் சொன்ன அனைத்தையும்.

ஆகவே அறிவியல் பேசப் புகும் நம் ஆலிம்களும் எழுத்தாளர்களும் உஸூல் வகுப்பின் வாசலிலேயே அதை விட்டுவிட்டு வரக்கூடாது என வேண்டுகிறோம். எது அஸ்ல், எது ஃபர்உ, இல்லத் எது, ஃபாரிக் எது என்று தமக்குள் கேட்டு, விடை கிடைக்காதபோது 'இது உவமை மட்டுமே. ஆதாரமன்று' என்று சபையிலேயே சொல்லிவிடலாம். நாம் இப்போது அவ்வாறே செய்கிறோம். எலக்ட்ரான் தவாஃபை மேடையில் சொல்வதையும் நிறுத்திவிட்டோம். கேள்வி கேட்ட மாணவர் இன்று ஓர் ஊரில் இமாமாக இருக்கிறார். இக்கட்டுரையை முதலில் அவருக்கே அனுப்பிவைக்கிறோம். வல்லாஹு அஃலம்.