ஏ/டி டயர்: பட்டன் பாதி, காற்று பாதி

தார், ஜிம்னி, கூர்க்கா என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் ஊருக்குள் பெருகிவிட்டன. வண்டி வீட்டுக்கு வந்த கையோடு ‘டயரை மாற்றலாமா?’ என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. கடைக்காரர் பெரிய பெரிய பட்டன் வைத்த டயரை உருட்டிக்கொண்டு வருவார். பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். அது மணலில் ஏறுமா, மழையில் பிரேக் பிடிக்குமா என்பதெல்லாம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆல் டெரெய்ன், அதாவது ஏ/டி டயர் போட்ட மஹிந்திரா தார் ஒன்றையும், அதே அளவில் சாதாரண சாலை டயர் போட்ட இன்னொரு தாரையும் தூத்துக்குடி மாவட்டத்தில் நெடுஞ்சாலை, தேரி மணல், கரிசல் சேறு என்று ஓட்டிப் பார்த்தோம்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

இந்த வண்டிகளுக்கு மூன்று வகை டயர் கிடைக்கிறது. எச்/டி நெடுஞ்சாலைக்கானது, பட்டன் நெருக்கமாக இருக்கும், சத்தம் குறைவு. எம்/டி சேற்றுக்கானது, பட்டன்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். ஏ/டி இரண்டுக்கும் நடுவில். தினமும் அலுவலகம் போய்வந்து, விடுமுறைக்கு மட்டும் காட்டுப்பாதையில் இறங்குகிறவருக்கு எம்/டி தண்டச் செலவு. சாலையில் இரையும், சீக்கிரம் தேயும், ஈரத்தில் நம்ப முடியாது.

அடுத்தது அளவு. தாரின் உயர் ரகங்களில் 255/65 ஆர்18 வருகிறது. அகலம் 255 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் சுமார் 166 மி.மீ. அதே தாரில் விலை குறைந்த ரகத்துக்குக் கொடுத்த 245/75 ஆர்16 டயரில் இது 184 மி.மீ. பார்வைக்கு 18 அங்குல ரிம் எடுப்புதான். ஆனால் காற்றை இறக்கும்போது வளைந்துகொடுப்பது ரப்பர், ரிம் அல்ல. காட்டுப்பாதைதான் முக்கியம் என்றால் 16 அங்குலமே மேல்.

லோடு இண்டெக்ஸையும் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். பழைய டயரின் எண்ணைவிடக் குறைந்ததை வாங்கக் கூடாது. தயாரித்த தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கடையில் பல வருடம் கிடந்து இறுகிய ரப்பரைப் புதுசு என்று தலையில் கட்டிவிடுவார்கள். வெளிநாட்டு டயர்கள் சிலவற்றில் மலை முகட்டுக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கும். அது கடும் பனிச் சாலைக்கான தகுதி. லடாக் போகிறவருக்கு உதவும். திருநெல்வேலிக்காரர் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

சாலையில்

மணிக்கு 60 கி.மீ. வரை ஏ/டி டயர் இருப்பதே தெரியவில்லை. 80-ஐத் தாண்டியதும் அடியில் ஒரு ‘ம்ம்ம்’ ஓசை தொடங்கி, வேகம் ஏற ஏற ஏறுகிறது. பாட்டு ஓடினால் அமுங்கிவிடும். பேசிக்கொண்டு போனால் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்புவதில் ஒரு சின்னத் தாமதம் உண்டு. உயரமான பட்டன்கள் வளைந்து நிமிர்வதுதான் காரணம். ஈரச் சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தபோது எச்/டி டயர் வண்டி முன்னதாக நின்றது. மழையில் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

தேரியில்

திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழி, குதிரைமொழி பக்கம் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகள்தான் தேரி. பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதியில்லாமல் வண்டியை இறக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு தனியார் பனங்காட்டில் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினோம். மழை பெய்த மறுநாள் இந்த மண் நடக்கத் தோதாக இறுகியிருக்கும். ஆடிக்காற்று அடித்து உலர்ந்துவிட்டால் மாவு போலப் பொலபொலத்து, கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். நாங்கள் போனது அப்படிப்பட்ட உலர்ந்த மணலுக்கு.

ஏ/டி டயரில் 32 பிஎஸ்ஐ காற்று. ஃபோர் வீல் போட்டும் ஏற்றத்தின் பாதியிலேயே வண்டி நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பட்டன்கள் மணலை வாரிப் பின்னால் கொட்டின. சக்கரம் முன்னே போவதற்குப் பதில் கீழே போனது. எச்/டி போட்ட வண்டியில் காற்றை 16-க்கு இறக்கி அதே ஏற்றத்தில் விட்டோம். நிற்காமல் ஏறிவிட்டது. பிறகு ஏ/டி டயரையும் 16-க்கு இறக்கினோம், அதுவும் ஏறியது. உலர்ந்த மணலில் பட்டனுக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே வேலை செய்வது காற்று.

எடை 1,800 கிலோ என்றால் சக்கரத்துக்குச் சராசரி 450 கிலோ. அதை 32 பிஎஸ்ஐ-யில் தாங்க, கணக்குப்படி தரையில் சுமார் 200 சதுர செ.மீ. பட வேண்டும். 16 பிஎஸ்ஐ-யில் அது 400 ஆகிவிடும். பக்கச்சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் நடைமுறையில் அவ்வளவு வராது. ஆனாலும் வித்தியாசம் பெரிது. டயர் பக்கவாட்டில் பிதுங்குவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் தடம் கூடுவது அகலத்தில் அல்ல, நீளத்தில். மணலில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தபோது 32-இல் வெட்டிய பள்ளம். 16-இல் அழுந்திய பாய்.

கரிசலில்

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மழைக்குப் பிறகு வேறு ஆட்டம் காட்டியது. பத்து மீட்டர் போவதற்குள் பட்டன் இடைவெளி முழுக்கக் களி அப்பி, ஏ/டி டயர் மொட்டை டயர் ஆகிவிட்டது. காற்றை இறக்கியும் பெரிய பயனில்லை. எம்/டி என்றால் சுழலும்போது சேற்றை உதறும். அதற்கும் இந்தக் களி ஓர் எல்லை வரைதான் விடும். உள்ளூர்க்காரர்கள் மழை நாளில் டிராக்டர் தவிர எதையும் இறக்குவதில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்பதே நல்லது.

ஏ/டி தன் விலைக்கு நியாயம் செய்த இடம் முள்ளும் கல்லும் நிறைந்த வண்டிப்பாதை. உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் உதிர்ந்து கிடக்கும் பாதையில் தடித்த பட்டனும் பக்கச்சுவரும் கைகொடுக்கின்றன. பட்டன் பகுதியில் முள் ஏறினால் பஞ்சர் கிட்டை வைத்து அங்கேயே அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னிதான். காற்று இறக்கிய டயரில் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும் என்பதால், கூர்மையான கல் உள்ள இடத்தில் மணலுக்கு இறக்கும் அளவுக்கு இறக்கக் கூடாது.

எங்கே எவ்வளவு காற்று?

நெடுஞ்சாலை: டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் குளிர்ந்திருக்கும்போது.
சரளை, மண் ரோடு: 26 முதல் 28 பிஎஸ்ஐ.
கல் பாதை: 20 முதல் 24, நடை வேகம்.
சேறு: 20 முதல் 22.
உலர்ந்த மணல்: 16 முதல் 18.

இவை தார் எடையுள்ள வண்டிக்கான தொடக்க அளவுகள். சுமையைப் பொறுத்து ஓரிரு பிஎஸ்ஐ மாறும். 15-க்குக் கீழே போனால், சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். 20-க்குக் கீழே வைத்துக்கொண்டு 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். காற்றை ஏற்றாமல் நெடுஞ்சாலையில் ஏறினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். வெயிலில் ஓடி வந்த டயர் மூன்று, நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்; அது சகஜம், இறக்கக் கூடாது.

இதற்கெல்லாம் சொந்த கேஜும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் வேண்டும். பங்க்குக்கு பங்க் கேஜ் வேறு கணக்குக் காட்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய கம்ப்ரஸர் ஒரு டயருக்கே நெடுநேரம் எடுக்கும், சீக்கிரம் சூடாகும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் ரகம் வாங்குங்கள்.

எங்கள் தீர்ப்பு

தோட்டம், எஸ்டேட், முள் பாதை என்று மாதாமாதம் போகிறவர் தாராளமாக ஏ/டி வாங்கலாம். தயாரிப்பாளர் அந்த மாடலுக்குக் கொடுத்த அளவைத் தாண்ட வேண்டாம். ஸ்பீடோமீட்டர் கணக்கும் ஆர்டிஓ கணக்கும் இடிக்கும். வருடத்துக்கு ஒரு முறை மணலைப் பார்க்கிறவர் இருக்கிற எச்/டி டயரைத் தேயும் வரை ஓட்டிவிட்டு, முதலில் கேஜும் கம்ப்ரஸரும் வாங்கட்டும். இரண்டும் சேர்ந்தாலும் நான்கு ஏ/டி டயர் விலையில் சிறு பங்குதான்.